சூழற்கொலை: ஒரு குற்றப் பெயரின் வரலாறு

1. முன்னுரை

போர் நிகழுங்கால் மக்களைக் காத்தல் வேண்டும் என்னும் எண்ணம் பழமையானது. மண்ணைக் காத்தல் வேண்டும் என்னும் எண்ணமோ மிகப் பிந்தியது. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவைத் தமிழ் கற்றார் தம் இலக்கியத்திலேயே காணலாம். புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டில் நெட்டிமையார், பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியின் அறப்போர் முறையைப் போற்றுகின்றார். ஆவும், பார்ப்பன மாக்களும், பெண்டிரும், பிணியுடையோரும், புதல்வரைப் பெறாதோரும் அரண் சேருமாறு முன்னறிவித்த பின்னரே அவன் அம்பு செலுத்துவான் என்பது அப்பாட்டின் கருத்து. அதே புலவர் அதே வேந்தனைப் பாடிய பதினைந்தாம் பாட்டிலோ, பகைவர்தம் தெருக்களைக் கழுதை பூட்டி உழுது பாழ்செய்தமையும், விளைவயல்களில் தேர் செலுத்தியமையும், காவலுடைய குளங்களில் களிறு படியவிட்டமையும் புகழாகவே கூறப்படுகின்றன. காக்கப்பட வேண்டியவற்றின் வரிசையில் ஆ உண்டு. வயலும் குளமும் இல்லை. எரிபரந்தெடுத்தலைத் தொல்காப்பியம் வஞ்சித்திணையின் துறைகளுள் ஒன்றாகவே ஓதுகின்றது. பகைவர் கடிமரத்தை வெட்டாதொழிக எனக் காரிக்கண்ணனார் ஐம்பத்தேழாம் புறப்பாட்டில் வேண்டுகின்றார். ஆயினும் அம்மரங்கள் நின் யானைகளுக்குக் கட்டுத்தறியாகும் வலிமையுடையன அல்ல என்பதே அவர் காட்டும் காரணம். மரத்தின்பொருட்டு மரத்தைக் காக்க வேண்டினார் என்று கொள்வதற்கு இடமில்லை.

இந்நிலை தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. உலக நாடுகளின் போர்ச்சட்டமும் இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரை இவ்வாறே நின்றது. மாந்தர்க்குக் காப்பு இருந்தது. நிலத்திற்கு, அது பிறர் உடைமையாகும் அளவிற்கே காப்பு இருந்தது. காடும் நீரும் நிலமும் தாமே கொலையுண்ணக் கூடும் என்பதும், அக்கொலைக்குத் தனிமனிதர் உலக மன்றத்தின்முன் விடை கூறல் வேண்டும் என்பதும் 1970ஆம் ஆண்டில்தான் ஒரு பெயர் பெற்றன. அப்பெயர் பிறந்த வரலாற்றையும், அது சட்டமாக முயன்றுவரும் வரலாற்றையும் ஈண்டு ஆராய்கின்றோம்.

எந்தக் குற்றத்தின் வரையறையையும் மூன்று வினாக்களால் அளந்தறியலாம். செய்தவனது கருத்து எத்தகையதாதல் வேண்டும்? தீங்கின் அளவு எவ்வளவாதல் வேண்டும்? அத்தீங்கை எதனோடு வைத்து எடை காண்பது? கருத்து, அளவு, எடை என்னும் இம்மூன்றனுள் முதலிரண்டிலும் சட்டச் சிந்தனை பெரிதும் முன்னேறியுள்ளது. மூன்றாவதிலோ 1948ஆம் ஆண்டில் நின்ற இடத்தைவிட்டு மிகுதியும் நகரவில்லை என்பது எம் முடிபு.

2. பெயர் தோன்றுவதற்கு முன்

1907ஆம் ஆண்டின் ஹேக் விதிகள், போரின் இன்றியமையாத் தேவை கட்டாயப்படுத்தினாலன்றிப் பகைவர் உடைமையை அழித்தல் கூடாது என விலக்கின. இவ்விதியில் நிலம் என்பது உடைமை. அதன் அழிவிற்கு எதிர்த்தட்டில் வைக்கப்படுவது போர்த் தேவை. இத்துலாக்கோல் எவ்வாறு வேலை செய்தது என்பதை இரண்டாம் உலகப் போரின் இறுதியில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி விளக்கும்.

1944ஆம் ஆண்டின் இலையுதிர் பருவத்தில் செருமானியப் படை, சோவியத்துப் படைக்கு அஞ்சி, நார்வேயின் வடகோடியாகிய ஃபின்மார்க் நாட்டைவிட்டுப் பின்வாங்கிற்று. பின்தொடரும் பகைவர்க்கு ஒதுங்க இடமும் உண்ண உணவும் கிடைத்தல் கூடாது எனக் கருதி, ஊர்களும் பாலங்களும் துறைமுகங்களும் எரிக்கப்பட்டன. ஏறத்தாழ 50,000 மக்கள் பனிக்காலத்தின் தொடக்கத்தில் வலிந்து வெளியேற்றப்பட்டனர். அப்படையின் தலைவர் லோதர் ரெண்டுலிக். போருக்குப் பின் நியூரம்பர்க்கில் அமெரிக்க நீதிமன்றம் அவரை உசாவிற்று. அவர் அஞ்சியவாறு சோவியத்துப் படை நெடுந்தொலைவு தொடர்ந்து வரவில்லை. அழிவு உண்மையில் தேவைப்படவும் இல்லை. எனினும் 1948ஆம் ஆண்டு பிப்ரவரியில் வழங்கிய தீர்ப்பில் நீதிமன்றம் இக்குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்தது. அன்று அவர் கண்ணுக்குப் புலப்பட்ட நிலையில், போர்த் தேவை உண்டு என அவர் நேர்மையாக எண்ணியிருத்தல் கூடும்; அவ்வெண்ணம் பிழையாயினும் குற்றமாகாது என்பது தீர்ப்பின் சாரம். வேறு குற்றங்களுக்காக அவர் தண்டிக்கப்பட்டார் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இத்தீர்ப்பு இன்றும் ‘ரெண்டுலிக் நெறி’ என வழங்கப்படுகின்றது. அதன் இயல்பை நன்கு நோக்குதல் வேண்டும். அழித்தவன் கையிலேயே துலாக்கோலைக் கொடுத்து, அவன் எடை கண்டவாறே நீதிமன்றமும் எடை காணும் முறை அது. அவன் தட்டில் வைப்பது வருங்காலத்தில் கிடைக்கும் என்று எதிர்பார்க்கும் நலன். மறுதட்டில் இருப்பது உறுதியாக நிகழும் அழிவு. எதிர்பார்ப்பு எவ்வளவு வேண்டுமாயினும் கனக்கலாம்.

காட்டழிவு பற்றிய வழக்கொன்றும் அக்காலத்தில் எழுந்தது. செருமானியர் கைப்பற்றியிருந்த போலந்தின் காடுகளை வரைமுறையின்றி வெட்டிக் கொண்டுசென்றமைக்காக, காட்டு ஆட்சித்துறை அலுவலர் பதின்மர்மீது ஐக்கிய நாடுகளின் போர்க்குற்ற ஆணையத்தில் குற்றம் சாட்டப்பட்டது. அவருள் பெரும்பாலோர்மீது குற்றம் சுமத்த முதல்நோக்கில் இடமுண்டு என ஆணையமும் கண்டது. ஆயின் அங்கும் குற்றத்தின் பெயர் கொள்ளை. போலந்து நாட்டின் மரம் களவாடப்பட்டது என்பதே வழக்கு. காடு கொல்லப்பட்டது என்று சொல்லச் சட்டத்தில் சொல் இல்லை.

3. பெயர் தோன்றியமை

அச்சொல்லைத் தந்தவர் சட்ட அறிஞரல்லர். நிலைத்திணை உடலியல் வல்லுநர் ஒருவர். ஆர்தர் கால்ஸ்டன் என்பார் 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சோயா மொச்சையின் பூப்பைப் பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். டிரை-அயோடோபென்சாயிக் அமிலத்தைச் சிறிதளவு தெளித்தால் செடி மிகுதியாகப் பூக்கும் என அவர் கண்டார். அளவு மிகுந்தால் இலை உதிரும் என்பதையும் குறித்துவைத்தார். பூக்கச் செய்தற்கு அவர் செய்த ஆய்வு, இலையுதிர்க்கும் மருந்துகளைத் தேடிய படைத்துறை ஆய்வாளர்க்கும் பயன்பட்டது. இதனைப் பின்னர் அறிந்த கால்ஸ்டன், தம் ஆய்வின் பயன்களுக்குத் தாமும் ஓரளவு பொறுப்புடையர் எனக் கருதினார்.

வியத்நாம் போரில் அமெரிக்க வான்படை 1962ஆம் ஆண்டு சனவரி முதல் 1971ஆம் ஆண்டு சனவரி வரை காடுகளின்மேலும் பயிர்களின்மேலும் களைக்கொல்லிகளைத் தெளித்தது. பகைவர் மறைந்திருக்கும் நிழலை நீக்குதலும், அவர்க்கு உணவாகும் நெல்லை அழித்தலும் அதன் நோக்கங்கள். மருந்துப் பீப்பாய்களில் தீட்டிய பட்டையின் நிறத்தால் அவை ஆரஞ்சு, வெள்ளை, நீலம் எனப் பெயர் பெற்றன. தெளித்தவற்றின் மொத்த அளவு 7 கோடி லிட்டருக்கு மேற்பட்டது என்பது 2003ஆம் ஆண்டில் பறப்புப் பதிவுகளை மீளாராய்ந்தோர் கண்ட கணக்கு. ஆரஞ்சு மருந்தில் கலந்திருந்த டையாக்சின் என்னும் நஞ்சு மண்ணிலும் ஆற்றுப் படிவிலும் தங்கி, மீன் வழியாகவும் கோழி, வாத்து வழியாகவும் மக்கள் உடலில் ஏறிற்று. தென்வியத்நாமின் கடலோர அலையாத்திக் காடுகளுள் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் பட்டுப்போயிற்று. ஒருமுறை தெளித்தாலே அலையாத்தி மரம் மடியும். விதை தரும் தாய்மரம் அண்மையில் இல்லாவிடின் அக்காடு தானே மீளாது.

இவ்வழிவிற்கு ஒரு முன்னிகழ்ச்சியும் காட்டப்பட்டது. மலேயாவில் கிளர்ச்சியாளரை அடக்கிய பிரிட்டானியர் களைக்கொல்லி தெளித்தனர். ஆதலின் இலையுதிர்த்தல் போர்ச்சட்டத்திற்கு முரணாகாது என 1961ஆம் ஆண்டில் அமெரிக்க வெளியுறவுச் செயலர் டீன் ரஸ்க் தம் குடியரசுத் தலைவர்க்கு எழுதினார். ஒரு தீங்கு தண்டிக்கப்படாது விடப்படின், அது அடுத்த தீங்கிற்குச் சான்றாக நிற்கும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

1969ஆம் ஆண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் பொதுப்பேரவை, நிலைத்திணைக்கு நஞ்சாகும் வேதிப்பொருள்களைப் போரில் வழங்குதலும் 1925ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைக்கு மாறானது என அறிவித்தது. ஆதரித்த நாடுகள் 80; எதிர்த்தவை அமெரிக்கா, ஆஸ்திரேலியா, போர்ச்சுகல் என்னும் 3; நடுநின்றவை 36. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் வாசிங்டனில் போரும் நாட்டின் பொறுப்பும் பற்றிக் கூடிய மாநாட்டில், ‘ஈகோசைடு’ என்னும் சொல்லைக் கால்ஸ்டன் வழங்கி, அதனைத் தடைசெய்யும் உலக உடன்படிக்கை வேண்டும் என்றார். ஒரு மக்களினம் வாழத் தேர்ந்துகொண்ட சூழலை வேண்டுமென்றே நிலையாக அழித்தல், இனக்கொலையைப் போன்றே மாந்தகுலத்திற்கு எதிரான குற்றமாகக் கொள்ளப்படல் வேண்டும் என்பது அவர் வாதம்.

சொல்லமைப்பைச் சிறிது நோக்குவோம். முற்பகுதி மனை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல். பிற்பகுதி கொல்லுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடி. 1944ஆம் ஆண்டில் ராஃபேல் லெம்கின் படைத்த ‘ஜெனோசைடு’ என்னும் சொல்லும் இவ்விரு மொழிக் கலப்பே. லெம்கின் தந்த சொல் நான்கே ஆண்டுகளில், 1948ஆம் ஆண்டு டிசம்பரில், உலக உடன்படிக்கையாயிற்று. கால்ஸ்டன் தந்த சொல் அரை நூற்றாண்டு கடந்தும் அந்நிலை எய்தவில்லை. தமிழில் இதனைச் சூழலழிப்பு என வழங்குவாரும் உளர். அழித்தல் உயிரில்லாப் பொருளுக்கும் உரிய வினை. கொலை உயிருடையதற்கே உரியது. மனையை உயிருள்ளதாகக் கொண்டதே அப்பெயரின் புதுமையாதலின், யாம் ‘சூழற்கொலை’ என்பதையே ஈண்டு வழங்குகின்றோம்.

4. கருத்து என்னும் கூறு

1972ஆம் ஆண்டு சூன் திங்களில் ஸ்டாக்ஹோமில் கூடிய ஐக்கிய நாடுகளின் சூழல் மாநாட்டில் சுவீடன் நாட்டின் தலைமையமைச்சர் ஓலோஃப் பால்மே இச்சொல்லை எடுத்தாண்டார். குண்டுவீச்சாலும் இயந்திர உழவாலும் களைக்கொல்லியாலும் விளையும் பேரழிவு உலகின் உடனடிக் கவனத்திற்கு உரியது என அவர் கூற, அமெரிக்கா வருத்தம் தெரிவித்தது. அதே மாநாட்டில் இந்திரா காந்தி, பிறந்தோரையும் பிறவாதோரையும் ஊனப்படுத்தி நிலத்தையும் நஞ்சாக்கும் படைக்கலங்களைக் கண்டித்தார். வறுமையே பெருமாசு ஆகாதோ என்னும் வினாவையும் எழுப்பினார். இவ்விரண்டாம் கருத்து பின்னர்ப் பெரிதும் விளைவுடையதாயிற்று. மாநாட்டின் அறிக்கையில் சூழற்கொலை என்னும் சொல் இடம்பெறவில்லை.

அடுத்த ஆண்டு, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ரிச்சர்டு ஃபால்க் சூழற்கொலை உடன்படிக்கைக்கு வரைவொன்று வெளியிட்டார். இனக்கொலை உடன்படிக்கையின் வடிவையே பின்பற்றிய அவ்வரைவு, அழிக்கும் கருத்தோடு செய்யும் செயல்களையே குற்றம் என வகுத்தது: அணுப்படை முதலியவற்றை வழங்குதல், களைக்கொல்லியால் காட்டை இலையுதிர்த்தல், மண்வளம் கெடுமாறு குண்டு வீசுதல், பொறிகளால் காட்டையும் விளைநிலத்தையும் வாரியழித்தல், வானிலையை மாற்றுதல், மக்களையும் விலங்குகளையும் வாழிடத்தினின்று வலிந்து பெயர்த்தல் என்பன அவை. போர்க்காலத்தும் அமைதிக்காலத்தும் இக்குற்றம் நிகழலாம் என்று அவர் கொண்டமை பாராட்டற்குரியது.

ஆயின் ‘அழிக்கும் கருத்தோடு’ என்னும் அடை ஒரு தடையாயிற்று. இனக்கொலை செய்வோன் இனத்தை அழித்தலையே கருதுகின்றான். காட்டை அழிப்போன் காட்டழிவைக் கருதுதல் அரிது. அவன் கருதுவது பகைவனது நிழல் நீங்குதல், அல்லது மரம், எண்ணெய், கனிமம், சாலை. வியத்நாமில் மருந்து தெளித்த வானூர்தியாளரும் அலையாத்தியின்மீது பகை கொண்டிலர். குற்றமனத்தைக் கருத்து என்று வகுத்தால் இக்குற்றம் யார்மீதும் நில்லாது. அறிவு என்று வகுத்தால் நிற்கும். இன்ன விளைவு நேரக்கூடும் என்று அறிந்தும் செய்தான் எனக் காட்டுதல் போதுமானதாகும். இம்மாற்றம் ஏற்பட மேலும் நாற்பத்தெட்டு ஆண்டுகள் சென்றன.

5. அளவு: ‘உம்’மையும் ‘அல்லது’ம்

1967ஆம் ஆண்டு முதல் 1972ஆம் ஆண்டு வரை அமெரிக்கப் படை, வடவியத்நாமிலிருந்து தெற்கே படைக்கலம் வரும் காட்டுவழிகளைச் சேறாக்கும்பொருட்டு, மேகங்களில் வெள்ளி அயோடைடு தூவிப் பருவமழையை நீட்டிக்க முயன்றது. இச்செய்தி வெளிப்பட்ட பின், இயற்கையின் இயக்கத்தையே படைக்கலமாக்குதலைத் தடுக்கும் உடன்படிக்கை ஒன்றினை ஐக்கிய நாடுகளின் பொதுப்பேரவை 1976ஆம் ஆண்டு டிசம்பரில் ஏற்றது. அது 1978ஆம் ஆண்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இதற்கிடையே 1977ஆம் ஆண்டு சூனில், ஜெனீவா உடன்படிக்கைகளின் முதலாம் கூடுதல் நெறிமுறை, போரில் இயற்கைச் சூழலுக்குப் பெருங்கேடு விளைத்தலை நேரே விலக்கிற்று. முன்னையது சூழலைக் கருவியாக்குதலைப் பற்றியது. பின்னையது சூழல் கெடுதலைப் பற்றியது.

இரண்டும் ஏறத்தாழ ஒரே மூன்று அடைகளை வழங்குகின்றன: பரந்த, நீடித்த, கடுமையான. ஆயினும் 1976ஆம் ஆண்டின் உடன்படிக்கை இவற்றை ‘அல்லது’ என்னும் சொல்லால் இணைக்கின்றது. 1977ஆம் ஆண்டின் நெறிமுறை எண்ணும்மையால் இணைக்கின்றது. விகற்பத்திற்கும் எண்ணிற்கும் உள்ள வேறுபாடு தமிழிலக்கணம் பயின்றார்க்கு விளக்க வேண்டுவதன்று. ‘அல்லது’ எனின் மூன்றனுள் ஒன்று அமைந்தாற் போதும். ‘உம்’ எனின் மூன்றும் ஒருங்கே அமைதல் வேண்டும். ஒன்று குறையினும் குற்றமில்லை.

இணைப்புச் சொல்லோடு பொருளும் மாறிற்று. முன்னைய உடன்படிக்கையை வகுத்தோர், பரந்த என்பதற்குச் சில நூறு சதுர கிலோமீட்டர் என்றும், நீடித்த என்பதற்குச் சில திங்கள் அல்லது ஒரு பருவம் என்றும் பொருள் கூறினர். பின்னைய நெறிமுறையை வகுத்தோர், நீடித்த என்பது பத்தாண்டுகளால் அளக்கப்படுவது எனக் கொண்டனர். முதல் உலகப் போரில் பிரான்சு நாட்டுப் போர்க்களங்கள் பட்ட கேடு போன்றது இதன்கண் அடங்காது என்பதும் அவர்தம் அறிக்கையால் தெரிகின்றது.

இவ்விலக்கணத்தின் பயனைக் குவைத் காட்டிற்று. 1991ஆம் ஆண்டு தொடக்கத்தில் பின்வாங்கிய ஈராக்கியப் படை 600க்கு மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்தது. பகல் இருண்டது, மணலில் எண்ணெய் ஏரிகள் தேங்கின, கடலிலும் எண்ணெய் கலந்தது. கடைசிக் கிணற்றின் தீ அவ்வாண்டு நவம்பரில் அணைக்கப்பட்டது. தீ எரிந்தது திங்கள் கணக்கில்; நெறிமுறை வேண்டுவதோ பத்தாண்டுக் கணக்கு. பரந்தது என்பதில் ஐயமில்லை, கடுமையானது என்பதிலும் ஐயமில்லை. நீடித்தது என்னும் மூன்றாவதில் வாதம் நின்றது. அன்றியும் ஈராக்கும் அமெரிக்காவும் அந்நெறிமுறையில் சேர்ந்தில. பாதுகாப்பு அவை தன் 687ஆம் தீர்மானத்தால் சூழற்கேட்டிற்கும் ஈராக்கு பொறுப்பு எனத் தீர்த்தது. இழப்பீட்டு ஆணையம் வழங்கிய ஏறத்தாழ 5,240 கோடி டாலருள் 500 கோடிக்கு மேல் சூழற்கேட்டிற்கு உரியது. கடைசித் தவணை 2022ஆம் ஆண்டில் செலுத்தப்பட்டது. நாடு கடன் தீர்த்தது. தீ வைக்க ஆணையிட்ட தனிமனிதர் எவரும் அதற்காக உலக மன்றத்தின்முன் நிறுத்தப்படவில்லை. இழப்பீட்டிற்கும் குற்றத்திற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

6. உரோம் ஒப்பந்தத்தில் எஞ்சியது

மாந்தகுல அமைதிக்கு எதிரான குற்றங்களைத் தொகுத்துவந்த பன்னாட்டுச் சட்ட ஆணையம், 1991ஆம் ஆண்டு வரைவின் 26ஆம் விதியில், இயற்கைச் சூழலுக்குப் பரந்ததும் நீடித்ததும் கடுமையானதுமான கேட்டை வேண்டுமென்றே விளைப்போன் குற்றவாளி என வகுத்தது. போர் என்னும் எல்லை அங்கே இல்லை. சில அரசுகள் ‘வேண்டுமென்றே’ என்னும் சொல் குற்றத்தைப் பயனற்றதாக்கும் என்றன. வேறு சில அரசுகள் விதியே வேண்டா என்றன. 1996ஆம் ஆண்டில் ஆணையம் இறுதி வடிவு கண்டபோது சூழற்கேடு தனிக்குற்றமாக நிற்கவில்லை. போர்க்குற்றங்களின் பட்டியலில் ஓர் உட்பிரிவாயிற்று. அணுப்படைக்கலம் பற்றிய எண்ணம் இம்மாற்றத்திற்குப் பெரிதும் காரணமாயிற்று என, ஆணையத்தில் உறுப்பினராயிருந்த கிறிஸ்டியன் டோமுசாட் பின்னர் எழுதினார்.

1998ஆம் ஆண்டு சூலை 17ஆம் நாள் ஏற்கப்பட்ட உரோம் ஒப்பந்தம் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிற்று. அதன் எட்டாம் விதியில் இயற்கைச் சூழல் ஓரிடத்தில் இடம்பெறுகின்றது. அவ்விடத்தை எம் மூன்று வினாக்களால் அளப்போம். கருத்து: தாக்குதலை வேண்டுமென்றே தொடுத்தலும் கேடு விளையும் என்னும் அறிவும் வேண்டும். அளவு: பரந்ததும் நீடித்ததும் கடுமையானதும் ஆதல் வேண்டும், 1977ஆம் ஆண்டின் உம்மை மாறவில்லை. எடை: எதிர்பார்க்கப்படும் ஒட்டுமொத்தப் போர் நலனைக் காட்டிலும் அக்கேடு தெளிவாக மிகையாதல் வேண்டும். 1977ஆம் ஆண்டின் நெறிமுறையில் சூழற்கேட்டிற்கு எதிர்த்தட்டு இல்லை. கேடு அளவைக் கடந்தால் விலக்கு. உரோம் ஒப்பந்தமோ உயர்ந்த அளவையும் வைத்து, அதன்மேல் துலாக்கோலையும் வைத்தது. அதுவும் நாடுகளுக்கிடையே நிகழும் போருக்கே உரியது. உள்நாட்டுப் போருக்கும் அமைதிக்காலத்திற்கும் இல்லை. இவ்வுட்பிரிவின்படி சூழற்கேட்டிற்காக அந்நீதிமன்றத்தில் இன்றுவரை எவரும் தண்டனை பெற்றிலர்.

இந்நிலையில் சில நாடுகள் தம் உள்நாட்டுச் சட்டத்திலேயே இக்குற்றத்தைச் சேர்த்தன. வியத்நாம் 1990ஆம் ஆண்டிலும், இரசியா 1996ஆம் ஆண்டிலும், உக்ரைன் 2001ஆம் ஆண்டிலும் சேர்த்தன. 2023ஆம் ஆண்டு சூன் 6ஆம் நாள் கக்கோவ்கா அணை உடைந்து கீழ்நிலங்கள் மூழ்கியபோது, உக்ரைன் அரசு சூழற்கொலைப் பிரிவின்கீழ் விசாரணை தொடங்கிற்று. 2024ஆம் ஆண்டில் பெல்ஜியமும் இக்குற்றத்தைத் தன் தண்டனைச் சட்டத்தில் ஏற்றது.

7. புதிய வரையறையும் பழைய துலாக்கோலும்

பிரிட்டானிய வழக்கறிஞர் பாலி ஹிக்கின்ஸ் 2010ஆம் ஆண்டு முதல் 2019ஆம் ஆண்டில் மறையும் வரை சூழற்கொலையை உரோம் ஒப்பந்தத்தின் ஐந்தாம் குற்றமாகச் சேர்க்க உழைத்தார். 2021ஆம் ஆண்டு சூனில் ஃபிலிப் சாண்ட்ஸ், டியோர் ஃபால் சோவ் என்னும் இருவர் தலைமையில் கூடிய சட்ட அறிஞர் பன்னிருவர் புதிய வரையறை ஒன்றை வெளியிட்டனர். சூழலுக்குக் கடுமையானதும், அதனோடு பரந்ததோ நீடித்ததோ ஆகியதுமான கேடு விளைய மிக்க வாய்ப்புண்டு என்று அறிந்தே, சட்டத்திற்கு மாறாகவோ பொறுப்பின்றியோ செய்யும் செயல் சூழற்கொலை என்பது அதன் கருத்து.

இதன்கண் இரண்டு முன்னேற்றங்கள் வெளிப்படை. கருத்து என்னும் கூறு நீங்கி அறிவு அவ்விடத்தைப் பெற்றது. உம்மையும் ‘அல்லது’ம் பங்கிட்டுக்கொண்டன: கடுமை எப்போதும் வேண்டும், பரப்பும் நீட்டமும் ஒன்றற்கொன்று மாற்றாகும். குவைத்தின் தீ இவ்வரையறையில் அடங்கும். போர் என்னும் எல்லையும் நீங்கிற்று.

எடை என்னும் கூறு மட்டும் மறைந்து நிற்கின்றது. ‘பொறுப்பின்றி’ என யாம் தமிழில் தந்த சொல்லுக்கு அறிஞர் குழு ஒரு விளக்கம் தருகின்றது: எதிர்பார்க்கப்படும் சமூக, பொருளாதார நலன்களைக் காட்டிலும் தெளிவாக மிகையாகும் கேட்டினைப் பொருட்படுத்தாது செய்தல் என்பது அவ்விளக்கம். உரோம் ஒப்பந்தத்தில் போர் நலன் இருந்த தட்டில் இப்போது சமூக, பொருளாதார நலன் அமர்ந்துள்ளது. தட்டில் உள்ள பொருள் மாறிற்று, கோல் மாறவில்லை. சட்டத்திற்கு மாறான செயலுக்கு இத்துலாக்கோல் இல்லை என்பது உண்மையே. ஆயினும் பேரழிவுகளுட் பல அரசின் இசைவு பெற்றே நிகழ்கின்றன. இசைவு பெற்ற செயலை இக்குற்றத்துள் அடக்கத் துலாக்கோலைக் கடந்தே செல்லல் வேண்டும். அங்கே ஆணையிட்டவன், நலன் இவ்வளவு என நேர்மையாக எண்ணினேன் என்பானாயின், ரெண்டுலிக்கின் குரலே மீண்டும் கேட்கும்.

இத்துலாக்கோலை அறவே நீக்குதல் கூடாதோ எனின், அதற்கும் தடையுண்டு. நீர்த்தேக்கம், சுரங்கம், துறைமுகம் ஆகிய ஒவ்வொன்றும் சூழலை ஓரளவு கெடுப்பதே. காடுகளை முன்னரே அழித்துச் செல்வம் பெற்ற நாடுகள் இன்று பிறர்க்குத் தடை விதிக்கின்றன என்னும் குறையும், இந்திரா காந்தி எழுப்பிய வறுமை பற்றிய வினாவும் புறக்கணிக்கத்தக்கனவல்ல. ஆதலின் எடை காணும் முறை முற்றும் நீங்குதல் அரிது. யாம் வேண்டுவது, கோலைப் பிடிக்கும் கை மாறுதல் வேண்டும் என்பதே. எதிர்பார்க்கும் நலனைச் செய்தவன் உள்ளத்தால் அளவாது, அத்தீங்கைச் சுமப்போர் நிலையிலிருந்தும் அளக்கும் நெறி வகுக்கப்படின், இக்குற்றம் பெயரளவில் நில்லாது.

8. முடிவுரை

2024ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் வனுவாட்டு, பிஜி, சமோவா என்னும் பசிபிக் தீவு நாடுகள் சூழற்கொலையை உரோம் ஒப்பந்தத்தில் சேர்க்குமாறு முறைப்படி திருத்தம் முன்மொழிந்தன. செல்வம் பெற்ற நாடுகள் பிறர்க்கு இடும் தடை இது என்னும் குறைக்கு இவ்வுண்மையே விடையாகும். கடல் ஏறிவரும் கரையில் வாழ்வோர் கேட்கும் சட்டம் இது. திருத்தத்திற்கு உறுப்பு நாடுகளுள் மூன்றில் இரண்டு பங்கின் இசைவு வேண்டும். ஏற்றாலும் அது தன்னை ஏற்ற நாடுகளையே கட்டும். அமெரிக்கா, சீனா, இரசியா, இந்தியா, இலங்கை, வியத்நாம் ஆகியன அவ்வொப்பந்தத்தில் சேராதன. 2025ஆம் ஆண்டு சூலை 23ஆம் நாள் பன்னாட்டு நீதிமன்றம் தட்பவெப்ப மாற்றம் பற்றி வழங்கிய அறிவுரைக் கருத்தும் நாடுகளின் கடமையைக் கூறிற்று. தனிமனிதர் குற்றத்தை வகுத்தல் அதன் பணியன்று.

மேற்கூறியவற்றால் பெறப்படுவன: நிலத்தை உடைமையாகவே அறிந்திருந்த சட்டத்திற்கு, அது கொலையுண்ணக் கூடும் என்பதை ஓர் அறிவியலாளர் பெயரிட்டுக் காட்டினார், கருத்திலிருந்து அறிவிற்கும், உம்மையிலிருந்து ‘அல்லது’ நோக்கியும் வரையறை மெல்ல நகர்ந்தது, எடையில் அழித்தவன் கையில் உள்ள கோல் இன்னும் வாங்கப்படவில்லை.

நெட்டிமையார் பாடிய காலத்தில் மக்களோடு ஆவினையும் ஒருங்கு வைத்து எண்ணியதே அறத்தின் விரிவாக இருந்தது. அவர் அவ்வரிசையில் எண்ணாது விட்ட வயலும் குளமும் இன்று உலக மன்றத்தின் வாயிலில் காத்திருக்கின்றன. அவற்றிற்கு இடம் தரும் நாள் எந்நாள் என்பது சட்ட வல்லுநர் மட்டும் விடை காண வேண்டிய வினாவன்று. சொற்களின் பொருளை நுணுகி ஆராயும் மொழியறிஞர்க்கும் அதில் பங்கு உண்டு என்பதனை ஓர் உம்மையின் வரலாறு நன்கு உணர்த்துகின்றது.